இருபத்தாறு கண்ணி

நான்கு அங்குலத்துக்கு இருபது கண்ணி
என்கிறது தாள்.
என் கைக்கு இருபத்தாறு வருகிறது.
இறுக்கிப் பிடிக்கிறாய் என்கிறார் தேவசகாயம்,
பஸ் டிக்கெட்டைக்கூட அப்படித்தானாம்.

தாளை எழுதியவர் ஏப்ரலிலும் பனி கொட்டும் ஊர்க்காரராய் இருக்க வேண்டும்.
தாடை வரை கழுத்து,
விரல் மூடும் கை.
எங்கள் டெல்லிக்கு
டிசம்பர் இருபது முதல் பிப்ரவரி பத்து வரைதான் கணக்கு.
அதிலும் மதியம் இரண்டு மணிக்கு
கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம்.
ஆகவே முதலில் கழுத்தை வெட்டினேன்,
பென்சிலால்.

கதூரியா கடையில் அந்தத் தடிமன் இல்லை.
ராணி பிங்க் இருக்கிறது, கிளிப்பச்சை இருக்கிறது, பழுப்பு தீர்ந்துவிட்டது.
ஏணியில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி
ஊறவைத்த கொள்ளு நிறத்தில்
எட்டு உருண்டை எடுத்துப் போட்டார்.
வீட்டுக்கு வந்து வெயிலில் பார்த்தால்
ஐந்து ஒரு கொள்ளு,
மூன்று வேறு கொள்ளு.

மின்கட்டண ரசீதின் முதுகில்
தொண்ணூற்றாறை இருபதால் வகுத்து, இருபத்தாறால் பெருக்கினேன்.
நூற்றிருபத்தைந்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.
விளிம்புக்கு நான்கால் வகுபட வேண்டும்.
ஒன்றைக் கழித்தேன்.
பகலெல்லாம் தணிக்கை அலுவலகத்தில்
ஏழு ரூபாய் எங்கே என்று பிறரைக் கேட்பவள் நான்.
அந்த ஒரு கண்ணி எங்கே என்று
என்னைக் கேட்க யாருமில்லை.
நன்றாக இருந்தது.

மெட்ரோ வாசலில் எக்ஸ்-ரே திரையில்
என் பை: சாப்பாட்டு டப்பா,
ஓர் உருண்டை, இரண்டு கோடு.
இரும்பா என்று கேட்டாள் காவலர் முனேஷ்.
மூங்கில் என்றேன்.
எடுத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள்,
பிறகு குரலைத் தாழ்த்தி
அக்குள் பக்கம் எப்படிக் குறைக்கிறீர்கள் என்றாள்.
பின்னால் வரிசை அனுமார் வால்.

யமுனா பேங்க்கில் தொடங்கினால்
இந்திரப்பிரஸ்தா வருவதற்குள் அரை வரிசை.
ஆறு எந்த நிறம் என்று பார்த்ததில்லை இந்த மாதம்.
எண்ணுவது தமிழில், பின்னுவது இந்தியில்:
இரண்டு சீதா, இரண்டு உல்டா.
சீதா என்றால் நேர் என்று தெரிந்தும்
இரண்டு பெண்கள் கைகோத்துப் போவதாகத்தான்
இன்னும் காதில் விழுகிறது.

தாளில் இல்லாத இடத்துக்கு வந்தேன்.
அவருக்கு வலத் தோள் உறைந்து எட்டு மாதம்.
கை காது வரை எழாது.
தினமும் காலையில் ஸ்வெட்டரைத் தலைவழி நான் மாட்டிவிட,
உள்ளிருந்து அவர் எதையோ முனக,
கண்ணாடி எங்கேயோ போய்ச் சிக்க,
ஒரு சண்டை முடிந்துதான் காப்பி.
தலைவழி போடு என்றுதான் தாளுக்குத் தெரியும்.
தோளைத் திறந்துவிட்டேன்.
மூன்று தடவை பிரித்தேன்,
நான்காவது தடவை நின்றது.
நான்கு பொத்தான்,
ஒவ்வொன்றும் இடது கைக்கு எட்டுகிற தூரத்தில்.

முதல் நாள்
குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிடவில்லை.
பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன்.
கதவு சாத்தும் சத்தம்.
பூத்துக்குத் தயிர் வாங்கப் போய்விட்டார்.
கை சும்மா இருந்தது.
மிச்சமிருந்த அரை உருண்டையை எடுத்து
எவர்சில்வர் டம்ளருக்கு ஓர் உறை தொடங்கினேன்,
முப்பத்தாறு கண்ணி,
தாள் இல்லை, யார் தாளும் இல்லை.

திரும்பி வந்தார்.
வயிற்றின் குறுக்கே
ஐந்து கொள்ளு முடிந்து மூன்று கொள்ளு தொடங்கும் கோடு
வெயிலில் பளிச்சென்று.
பூத்காரர் விலை கேட்டாராம்.
என்ன சொன்னீர்கள் என்றேன்.
நூற்றிருபத்துநாலு.

ஒரு மாதமாக மாலையெல்லாம்
செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து
அதை மட்டும் கேட்டிருக்கிறார் மனிதர்.

அவ்வளவு சல்லிசா, அப்படியென்றால்
எனக்கும் ஒன்று என்றாராம் பூத்காரர்.

டம்ளர் சுடவில்லை.
பூத்காரருக்கு மார்பளவு என்ன இருக்கும் என்று கேட்டேன்.